கயிறு பிடிக்க ஆள் இல்லாத நாள்

அன்றைக்கு வள்ளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சுக்கானில் வள்ளத்துக்காரர் காசிம் காக்கா, காயல்பட்டினத்துக்காரர். நடுப்பலகையில் ஜெபராஜ், தான் செய்த கருவியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கு எதிரே, அந்தக் கருவிக்குப் பணம் போடலாமா என்று பார்க்க வந்த இரண்டு பேர்: உப்பு வியாபாரம் செய்யும் நம் அண்ணாச்சி, அப்புறம் நான். முன்பக்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மிக்கேல், சங்கு குளிக்கிறவர். வராதவர் ஒருவர்: மிக்கேலின் மச்சான் லாசர். மிக்கேல் கடலுக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே இருந்து கயிறு பிடிக்கிறவர் அவர்தான்.

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களைவிட எனக்கு நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அதனால் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் நாளைக்கு யாராவது ஒருவர் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருவார், பணம் கேட்பார். அப்போது உங்களுக்கு இந்த நாள் நினைவுக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரல் பக்கம் நெல் விளைகிற ஒரு சின்ன ஊர் எனக்கு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். கணக்கில் பட்டம் வாங்கி, மெட்ராஸில் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராம் எழுதச் சேர்ந்தேன். அட்டைகளில் ஓட்டை போட்டு உள்ளே கொடுத்தால், மறுபக்கம் சம்பளப் பட்டியல் அச்சாகி வரும். அந்த அறையின் குளிரும் இரைச்சலும் எனக்குக் கோயில் கருவறை மாதிரி இருந்தன.

ஒருமுறை அந்தப் பட்டியலில் ஒரு இறந்த ஆளின் பெயர் வந்தது. துறைமுகத்தில் பாரம் விழுந்து செத்துப்போன கூலியாள். அவருடைய அட்டையை நானே எடுத்துக் கிழித்தேன். மறுவாரமும் அவர் பெயர் வந்தது. அடுத்த வாரம் ஓவர்டைமும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு அந்த அறையில் நான் தனியாக உட்காரவில்லை. எனக்கு மேலே இருந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உள்ளே போடாதது வெளியே வராது. போட்டது யார்னு போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது மேஸ்திரி இறந்தவரின் பெயரை வாசித்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் வாராவாரம் புது அட்டை போடுவார்கள். வரிசையில் இருந்து ஒரு குரல், "வந்திருக்கேன்" என்றது. அவரோடு வேலை பார்த்தவர்கள், வாரத்துக்கு ஒருவராக, அவருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதாம் நாள் காரியம் முடிகிறவரை அவர் வீட்டுக்குக் கூலி போகட்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்த அதிகாரியின் வாக்கு எனக்கு வேதம். எந்த மெஷின் என்ன சொன்னாலும், அதை உள்ளே போட்டது யார் என்றுதான் முதலில் தேடுவேன்.

அப்புறம் கம்பெனி என்னைத் தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றியது. புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். புதிதாக ஏதாவது தொழில் தொடங்க வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனையோடு ஊருக்குள் அலைந்தார்கள். அண்ணாச்சியிடம் உப்பில் வந்த பணம் இருந்தது, மெஷினைப் பற்றித் தெரியாது. எனக்கு மெஷின் தெரியும், பணம் கொஞ்சம்தான். "நீ மெஷின் படிச்சவன்லா, என்கூட வந்து நெசமா பொய்யான்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நாங்கள் முதலில் பார்க்கப் போனது ஜெபராஜின் கருவியை.

ஜெபராஜ் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். ஊருக்குத் திரும்பி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் செய்தது இரண்டு சாமான்கள். ஒன்று, குளிக்கிறவர் கையில் பிடித்துக்கொள்ளும் சின்னப் பித்தளைப் பெட்டி. அதன் விசையை அழுத்தினால் 'டக்' என்று தட்டும். இன்னொன்று, ரப்பர் உறை போட்ட மைக். அதை வள்ளத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டால், அடியில் தட்டுகிற சத்தம் மேலே ஒலிபெருக்கியில் கேட்கும். ஒரு தட்டு என்றால் அடியைத் தொட்டுவிட்டேன். இரண்டு தட்டு என்றால் மேலே வருகிறேன். விடாமல் தட்டினால் ஆபத்து. இவ்வளவுதான் அதன் பாஷை.

இது எதற்கு என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் இந்தக் கரையின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே, இறங்குகிறவரின் கயிற்றை அவர் பெண்டாட்டியோடு பிறந்தவர்தான் பிடிப்பார். அண்ணன் தம்பி பிடிக்க மாட்டான், கூட்டாளி பிடிக்க மாட்டான். தன் அக்கா தங்கை தாலி அறுக்கக் கூடாது என்ற பயம் யாருக்கு இருக்கிறதோ அவன் கையில்தான் கயிறு. நல்ல வழக்கம்தான். ஆனால் மச்சானுக்குக் காய்ச்சல் என்றால் இவருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் சண்டை போட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. "என் மெஷின் வந்தா மச்சான் தேவையில்ல சார். ஒரு ரேடியோவ வச்சுப் பத்துப் பேர எறக்கலாம்" என்றார் ஜெபராஜ். கேட்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியை, மூன்று முறை இறங்கிக் காட்டிய பிறகு தருவதாகப் பேச்சு. மூன்றாவது இறக்கம் ஆழமான வெளிப்பாரில். பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. மூன்றும் நன்றாக முடிந்தால் மிக்கேலை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாக ஜெபராஜ் சொல்லியிருந்தார். சங்குக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிப் பழகியவருக்கு மாதச் சம்பளம் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களில் சிலருக்காவது தெரியும்.

மாசி மாதம். சூரியன் கிளம்புகிற நேரத்தில் முயல் தீவைத் தாண்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கயிறு இல்லாததைக் கவனித்து, "லாசர் எங்கே?" என்று கேட்டேன்.

"அவரு வந்தா கயித்தையும் தூக்கிட்டு வருவாரு சார்" என்றார் ஜெபராஜ். "கயிறு இருந்தா டெஸ்ட் எப்படி டெஸ்ட் ஆகும்? அண்ணாச்சி பெறகு, கயிறுதான் காப்பாத்திச்சு, மெஷின் என்னத்தக் கிழிச்சுதும்பாங்க."

"கண்டிப்பா சொல்வேன்" என்றார் அண்ணாச்சி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே. கரையை விட்டதிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். "இந்தக் கடலக் காய்ச்சித்தான் நான் உப்பு விக்கேன். அதுக்கு என் மேல கோவம் போலிருக்கு."

"எட்டு மணிக்கு வள்ளம்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார் ஜெபராஜ் மெதுவாக.

மிக்கேல் திரும்பிச் சிரித்தார். "வந்து பாத்துட்டு என்ன ஏசு ஏசுவான் தெரியுமா? என் பொண்டாட்டிக்கு அந்த வாயில பாதிதான் இருக்கு."

"மச்சான் இல்லாம ஒரு ஆள் எறங்கி நான் கண்டதில்ல வாப்பா" என்றார் காக்கா.

"இன்னைக்குக் காணுங்க காக்கா" என்றார் மிக்கேல்.

ஜெபராஜின் நியாயம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. புரோகிராமைச் சோதிக்கும்போது பழைய முறையை நிறுத்திவிட்டுத்தான் புதியதை ஓட்டுவோம். இரண்டும் ஒன்றாக ஓடினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எல்லாரும் படித்தவர்கள் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் பாரில் நங்கூரம் போட்டோம். காற்று சுத்தமாக இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. வெயில் ஏறியும் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடு தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளை. ஜெபராஜ் மைக்கை இறக்கிக் கருவியைப் போட்டார். ஒலிபெருக்கியிலிருந்து, கொதிக்கிற எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. விடாமல், எல்லாப் பக்கமிருந்தும்.

"என்னது இது?" என்றார் அண்ணாச்சி.

"கடல் அண்ணாச்சி. அடியில எப்பவும் இப்படித்தான்."

காக்கா சுக்கானை விட்டுவிட்டுக் கருவியையே பார்த்தார். "நாப்பது வருசமா மேல போய்ட்டு வாரேன். கீழ இம்புட்டுப் பேச்சு நடக்குன்னு எனக்குத் தெரியாதே."

மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். கடுகுச் சத்தத்துக்கு நடுவில் டக் என்று ஒன்று, தெளிவாக, காதுக்குப் பக்கத்தில் சுண்டிய மாதிரி. பிறகு இரண்டு. தலை மேலே வந்தது. அண்ணாச்சி கை தட்டினார். நானும் தட்டினேன். ஜெபராஜின் கண் கலங்கியிருந்தது.

இரண்டாவது இறக்கம் கொஞ்சம் நீண்டது. ஒரு தட்டு வந்தது. இரண்டு தட்டு வர வெகுநேரம் ஆனது போலிருந்தது. மிக்கேல் மேலே வந்து வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் தொங்கினார். காக்காவும் நானுமாக ஏற்றிவிட்டோம். மூக்கோரம் நூல் மாதிரி ரத்தம். புறங்கையால் துடைத்துவிட்டு, "சளி" என்றார். பிளாஸ்கிலிருந்து சாயா ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிய கை கோணியது. சுடச்சுட சாயா அவர் தொடையில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வழிந்து முடிந்ததும் காலித் தம்ளரை வாயில் வைத்துக் குடித்தார்.

"இன்னும் ஒண்ணுதான் மிக்கேல்" என்றார் ஜெபராஜ். "வெளிப்பாரு. முடிச்சிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் விடிஞ்சிடும்."

"போவோம்" என்றார் மிக்கேல்.

காக்கா இன்ஜினைப் போட்டு வள்ளத்தை வெளிப்பாருக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டார். மைக் தண்ணீருக்குள் இறங்கியது. கடுகுச் சத்தம் இங்கே அடங்கி, தூரத்தில் கேட்டது. மிக்கேல் எழுந்து நின்றார். அப்போது ஒலிபெருக்கி தட்டியது.

டக், டக், டக்.

நாங்கள் எல்லாரும் மிக்கேலின் கையைப் பார்த்தோம். கை வெறுமையாக இருந்தது. பித்தளைப் பெட்டி அவர் காலடியில் பலகை மேல் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் டக், டக், டக். சத்தம் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. அவசரம் மட்டும் இருந்தது.

"மூணு தட்டுன்னா என்ன?" என்று கேட்டேன்.

"மூணு தட்டே கிடையாது சார்" என்றார் ஜெபராஜ். குமிழைத் திருகினார், ஒயரை அசைத்தார். "எர்த் கோளாறு. ஈரம் ஏறியிருக்கும்."

"கோளாறுன்னா நான் காசு போடமாட்டேன் பாத்துக்க" என்றார் அண்ணாச்சி.

ஜெபராஜின் கை குமிழ் மேலேயே நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு முகம் மாறியது. "கோளாறு இல்ல அண்ணாச்சி. மெஷின் சரியாத்தான் இருக்கு. கீழ என்னமோ தட்டுது, அதத்தான் சொல்லுது. மிக்கேல் எறங்கிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் கெட்டவர் இல்லை. கடையை விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒரே நிமிடத்தில், கருவியில் எதுவும் மாறாமலே, அது கெட்டுப்போயிற்று, திரும்ப நன்றாகவும் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் மாறியது அண்ணாச்சியின் பேச்சு மட்டும்தான். பணம் கேட்டு வருகிறவர் தன் கருவியைப் பார்த்துப் பேசுகிறாரா, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்று பார்க்க அன்றைக்குத்தான் படித்தேன்.

மிக்கேல் இறங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இது லாசர்லா" என்றார்.

"ஏலே, என்ன சொல்லுத?" என்றார் அண்ணாச்சி.

"எங்க கயித்துச் சைகை அண்ணாச்சி. மூணு வெட்டி இழுப்பு. மேல இருக்கவன்தான் இழுப்பான். போதும், ஏறி வான்னு அர்த்தம்." அவர் குரல் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இழுத்தது. "ஆனா நான் மேல வந்துட்டேன்லா? பெறகு யாரக் கூப்புடுதான்?"

டக், டக், டக்.

மிக்கேல் குனிந்து வள்ளத்தின் பலகையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார். "சார், நான் மேல வந்துட்டேன்லா?"

அண்ணாச்சி கண்ணை மூடித் திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். காக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓதத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே போடாதது வெளியே வராது. தண்ணீரில் சத்தம் வெகுதூரம் போகும். எங்கேயோ ஒரு கப்பலில் யாரோ சுத்தியலால் தட்டலாம். ஏதோ ஒரு சங்கிலி பாறையில் மோதலாம். "மைக்கை மேலே தூக்குங்க" என்றேன்.

ஜெபராஜ் தூக்கினார். நீர் சொட்டச் சொட்ட மைக் வந்து ஒரு சாக்கின் மேல் கிடந்தது. கடுகுச் சத்தம் நின்றுவிட்டது. வள்ளத்தின் ஓரத்தில் தண்ணீர் நக்குகிற சத்தம்கூடக் காதில் விழுந்தது.

டக், டக், டக்.

இப்போது ஜெபராஜே கருவியை மடியிலிருந்து இறக்கித் தள்ளி வைத்தார். ஆனால் அவர் வாய் மட்டும் நிற்கவில்லை. "சார், ஒரே ஒரு எறக்கம். என்னன்னு பாத்திருவோம். இல்லன்னா ஆயுசுக்கும் இத நெனச்சிட்டே இருக்கணும் சார்." அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மிக்கேல் ஒரு காலைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டார். மாதச் சம்பளம் ஒரு பக்கம், மச்சான் கூப்பிடுகிற சத்தம் ஒரு பக்கம். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பணம் போடுகிறவன் சொன்னால் இறங்குவார். அதுதான் அங்கே இருந்த ஒரே அதிகாரம், அது என்னிடம் இருந்தது.

நான் கருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மிக்கேலைப் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. மூக்கில் மறுபடி ரத்தம். தொடையில் சாயா பட்ட இடம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது, அவருக்கு வலிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் லாசர் இந்த முகத்தை முதல் இறக்கத்திலேயே படித்திருப்பார். கயிறு பிடிக்கிறவருடைய வேலை சைகையைக் கேட்பது என்றுதான் நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம். இறங்குகிறவருக்குத் தனக்கு எப்போது போதும் என்று தெரியாது. அதைச் சொல்கிறவர்தான் மச்சான். அந்த ஆளைத்தான் நாங்கள் பொய்யான நேரம் சொல்லிக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தோம். 'டக்' என்று தட்டுகிற எந்தப் பெட்டியும் அந்த வேலையைச் செய்யாது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கரைக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம். இந்த ஆள் இறங்கலாமா கூடாதா என்பதை இப்போதே சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும். ஒன்றுக்கு விடை தெரியாமலே இன்னொன்றுக்கு விடை சொல்லலாம். நெருக்கடியில் எனக்கு உதவிய யோசனை அது ஒன்றுதான்.

"மேலே வந்துட்டீங்க மிக்கேல்" என்றேன். "உட்காருங்க. இன்னைக்குப் போதும். காக்கா, நங்கூரத்தை எடுங்க."

"பணம்?" என்றார் ஜெபராஜ்.

"கரையில பேசுவோம்."

மிக்கேல் உட்காரவில்லை. "கூப்புடுதான் சார். பதில் குடுக்காம எப்படி?" என்று ஓரத்தைத் தாண்டப் போனார். நானும் ஜெபராஜும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். ஜெபராஜும் பிடித்தார் என்பதை எழுதியாக வேண்டும். வள்ளத்தில் கிடந்த தும்புக்கயிற்றை எடுத்து மிக்கேலின் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டேன். டக், டக், டக். இப்போது இடைவெளி இல்லாமலே வந்தது.

காக்கா நங்கூரத்தைப் பாதி தூக்கியபடி திரும்பினார். "கூப்பிட்டா பதில் குடுக்கணும்னா குடுத்துரு வாப்பா. உங்களுக்குள்ள பதில் எப்படிக் குடுப்பீங்க?"

"ஒரு நீள இழுப்பு."

"குடு. கயிறுதான் தம்பி கையில இருக்கே."

மிக்கேல் தன் இடுப்பிலிருந்து போகிற கயிற்றைப் பிடித்து, நிதானமாக, நீளமாக ஒருமுறை இழுத்தார். என் கை முன்னால் போய்த் திரும்பி வந்தது. "வந்துட்டேன் மச்சான்" என்றார்.

ஒலிபெருக்கி நின்றுவிட்டது.

கரை வரும்வரை அது திரும்பத் தட்டவில்லை. ஜெபராஜ் அதை அணைக்கவும் பயந்து அப்படியே விட்டிருந்தார். மிக்கேல் சாக்கின் மேல் படுத்து உடனே தூங்கிப்போனார். நான் கயிற்றை விடவில்லை. அண்ணாச்சிக்கு அதற்கப்புறம் வாந்தியே வரவில்லை.

கரையில் லாசர் இருந்தார். மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு பழைய வத்தையின், அதாவது சின்னப் படகின், வளையத்தில் தன் கயிற்றின் ஒரு முனையைக் கட்டியிருந்தார். வத்தை காய்ந்த மணலில் கிடந்தது, அலை அதன் பக்கம்கூட வரவில்லை. கயிறு மணலில் நீளமாகக் கிடந்தது. அவர் சாயாக்கடைப் பக்கமிருந்து வருவதை வள்ளத்திலிருந்தே பார்த்தோம். முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்து, எங்களில் ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கத்த ஆரம்பித்தார்.

"ஏலே கூறுகெட்டவனே! எத்தன தடவ இழுக்கது? ஒரு பதில் குடுக்க இம்புட்டு நேரமா உனக்கு?"

மிக்கேல் கண்ணைத் திறந்தார்.

"எப்பக் குடுத்தேன் பதில்?" என்று கேட்டார் மிக்கேல்.

"நடிக்காதல. செத்த முந்தித்தான் குடுத்த. கயிறு ஒரு இழு இழுத்துது, அதுக்குப் பெறகுதான் நான் சாயா குடிக்கவே போனேன்." அப்போதுதான் லாசர் மிக்கேலின் முகத்தை நேராகப் பார்த்தார். ஏச்சு நின்றுவிட்டது. "எத்தன எறக்கம்?" என்று என்னிடம் கேட்டார்.

"இரண்டு" என்றேன்.

"மூணாவது போயிருந்தா அங்கனயே கெடந்திருப்பான்" என்றார். மிக்கேலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் ஓட ஆரம்பித்தார். அவர் உள்ளங்கை இரண்டும் கயிறு உரசித் தோல் போயிருந்ததை அப்போது பார்த்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டரும் லாசர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார். மிக்கேல் பிழைத்துக்கொண்டார். வலது காது மட்டும் திரும்பக் கேட்கவில்லை. சங்கு குளிப்பதை விட்டுவிட்டு, துறைமுகத்தில் படகு வேலைக்குப் போய்விட்டார், மாதச் சம்பளம்தான்.

நான் அந்த வத்தையின் வளையத்தைப் போய் இழுத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டியைக் கழற்றி ஒவ்வொரு ஒயராகச் சோதித்தேன். ஜெபராஜும் கூட உட்கார்ந்து சோதித்தார். கோளாறு எதுவும் இல்லை. போட்டது யார் என்று தேடு என்று சொன்ன அதிகாரிக்கு மெட்ராஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் பதில் போடவில்லை. எனக்கு இன்றைக்கும் விடை தெரியாது, தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன். ஆனால் அதன்பிறகு யாராவது வந்து, "இது வந்தால் இன்ன ஆள் தேவையில்லை" என்று சொன்னால், நான் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் என்னென்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதற்கு ஆகிற பஸ் செலவை அலுவலகம் தரும்.

ஜெபராஜுக்கு மீதிப் பணம் தரவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. "கடைசியில அவனும்லா ஒரு கையப் பிடிச்சான்" என்றார். மறுவாரம் அண்ணாச்சியின் உப்புக் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கணக்கைத் தீர்த்தோம். வள்ள வாடகைக்கு நாற்பத்தைந்து ரூபாய், மிக்கேலுக்குக் கூலி ஐம்பது, ஆஸ்பத்திரிக்கு இருநூற்று முப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் மேலும் பன்னிரண்டு ரூபாயை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"லாசருக்கு. ஒரு நாள் கூலி."

"அவர்தான் வரவே இல்லையே?"

அண்ணாச்சி ரூபாயை மடித்து ஒரு தாளில் சுற்றினார். "கயிறு பிடிச்சாம்லா?" என்றார்.

முன்பணத்தில் அவர் பங்கு மூவாயிரம், என் பங்கு எழுநூறு. எல்லாம் சேர்த்து அந்த நாள் எங்களுக்கு ஆன செலவு நாலாயிரத்து முப்பத்தேழு ரூபாய்.